மழை ஆள் மலையேறிய கதை

வருகிற மூன்று நாள் விடுமுறையில் வீட்டை விட்டு ஓர் அடி கூட நகர்வதில்லை என்று போன ஜூலை மாதம் நான் ஒரு வீர சபதம் எடுத்தேன். சபதம் எடுத்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் நான் சத்தமாகப் பேசக்கூடிய ஒரே இடம் அதுதான். அங்கேயும் குழாயைத் திறந்துவிட்டுவிட்டுத்தான் பேசுவேன்.

என் பெயர் தெய்ஜி மொமோசே. குமாகாயாவில் குடியிருக்கிறேன். நாட்டிலேயே வெயில் அதிகம் கொளுத்துவது எந்த ஊரில் என்று வருஷா வருஷம் போட்டி நடக்கும். அதில் எங்கள் ஊர் முன்வரிசையில் நிற்கும். அதில் எங்களுக்குப் பெருமை வேறு. குழாய் செய்கிற கம்பெனி ஒன்றில் நான் பிரிவுத் தலைவன். ஆபீசில் எனக்குக் கீழே ஆறு பேர். வீட்டில் எனக்கு மேலே ஒருத்தி.

அந்த மூன்று நாளுக்கு நான் போட்டிருந்த திட்டம் ரொம்ப எளிமையானது. காலையில் எழுந்திருக்கக் கூடாது. மத்தியானம் ஏ.சி.க்கு நேர் கீழே பனியனோடு மல்லாந்து படுக்க வேண்டும். மாலையில் டி.வி.யில் சுமோ மல்யுத்தம். கைக்கெட்டும் தூரத்தில் குளிர்ந்த பீர், உப்புப் போட்டு அவித்த பச்சை சோயா. முக்கியமாக, "காலைத் தூக்குங்க, தரையைத் துடைக்கணும்" என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஒரு ஜீவன் இருக்கக் கூடாது.

அந்த ஜீவன்தான் என் மனைவி மிசாயோ. ஜூலை பிறந்துவிட்டால் போதும், கசாமிதைரா, கசாமிதைரா என்று அவளுக்கு ஜபம் ஆரம்பித்துவிடும். கசாமிதைரா அவள் பிறந்த மேட்டுநிலம். மலையின் தலையைக் கத்தியால் சீவி எடுத்த மாதிரி தட்டையாக, குளுகுளுவென்று கிடக்கும். ஜூலையில் அங்கே புல்வெளி முழுக்க மஞ்சள் லில்லி பூக்கும். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுள். காலையில் விரிந்தால் சாயங்காலம் வாடிவிடும். அதைப் பார்க்கப் பாதி நாடு தொப்பி போட்டுக்கொண்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறும். கேட்டால் இயற்கையை ரசிக்கிறார்களாம். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வரிசையில் ஊர்கிற இடத்தில், முன்னால் போகிறவர் முதுகு மூட்டையைத்தான் ரசிக்க முடியும்.

அங்கே மிசாயோவின் அண்ணன் கென்பெய் முட்டைக்கோஸ் பயிரிடுகிறார். கூடவே சின்னதாக ஒரு தங்கும் விடுதியும் நடத்துகிறார். கல்யாணமான புதிதில் நான் ஒரே ஒரு தடவை அங்கே போனேன். நான் செருப்பைக் கழற்றியபோது பிடித்த மழை, திரும்பக் கிளம்பும்வரை விடவில்லை. மச்சான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை மழை ஆள் போலிருக்கே!" என்றார்.

அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். என் வாழ்க்கையின் கதவு அன்றைக்குத்தான் திறந்தது.

எங்கள் நாட்டில் ஒவ்வொரு ஆபீசிலும், ஒவ்வொரு தெருவிலும் ஒரு மழை ஆள் உண்டு. அவர் எங்கேயாவது ஜாலியாகக் கிளம்பினால் மழை கொட்டும். இதை யாரும் சும்மா கேலிக்குச் சொல்வதில்லை. ரத்த வகையைக் கேட்டு வைத்துக்கொள்கிற மாதிரி இதையும் கேட்டு வைத்துக்கொள்வார்கள். மற்ற மழை ஆட்கள் எல்லாம் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு, ஊருக்கே துரோகம் செய்தவன் போலக் குனிந்து நடப்பார்கள். நான் ஒருவன்தான் அதை ஒரு தொழிலாக எடுத்து நடத்தினேன்.

தொழில் ரகசியம் ரொம்பச் சுலபம். மழை வரும் என்று வானிலை அறிக்கை அடித்துச் சொல்கிற நாளில், "நானும் வரேன்!" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்குவேன். வெயில் என்று சொன்னால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். இரண்டே வருஷத்தில் என் புகழ் பரவிவிட்டது. நான் போன இடத்தில் எல்லாம் மழை. நான் போகாத இடத்தில் எல்லாம் வெயில். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

அப்புறம் என்னை யாரும் எங்கேயும் கூப்பிடவில்லை. ஆபீஸ் கோல்ஃப் போட்டியா? "மொமோசே, நீங்க ரெஸ்ட் எடுங்க." தெருவில் எல்லாரும் சேர்ந்து புல் பிடுங்குகிற ஞாயிற்றுக்கிழமையா? "நீங்க வர வேண்டாம் சார், உங்க பங்கையும் நாங்களே பிடுங்கிடறோம்." வசந்தத்தில் பூ பார்க்கிற விருந்து நடக்கும்போது, எனக்கான சாப்பாட்டுப் பொட்டலத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். பாசத்தால் இல்லை. பசி எடுத்து நான் நேரில் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தால்.

மிசாயோவும் நம்பினாள். நாங்கள் இரண்டு பேரும் கசாமிதைராவுக்குப் போகலாம் என்று அவள் ஆசைப்படும் போதெல்லாம், நல்ல வெயில் வேண்டும் என்று வெள்ளைத் துணியில் ஒரு பொம்மை செய்து ஜன்னலில் தொங்கவிடுவாள். அவள் தூங்கின பிறகு நான் எழுந்து அதைத் தலைகீழாகக் கட்டிவிட்டு வருவேன். தலைகீழாகத் தொங்கினால் அதே பொம்மை மழையைக் கூப்பிடும். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிற உதவியையும் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான்.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன். ஒருநாள் காலைச் சாப்பாட்டில் அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, அண்ணன் போன் பண்ணினார்."

"ம்."

"பூ இந்த வருஷம் கொள்ளையா பூத்திருக்காம்."

"ம்."

"நான் போகலாம்னு இருக்கேன்."

நான் சாப்பிடுகிற குச்சிகளைக் கீழே வைத்தேன். ஒரு பெருமூச்சு விட்டேன். குளியலறையில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பெருமூச்சு அது.

"போயிட்டு வா மிசாயோ. எனக்கும் ஆசைதான். ஆனா நான் வந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். என் பொண்டாட்டி சந்தோஷத்துக்கு நானே குறுக்கே நிக்கணுமா?"

"உங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"என்னை விடு. சோத்துல டீயை ஊத்திக் குடிச்சிட்டு ஒரு மூலையில கிடப்பேன்."

என் குரலைக் கேட்டு எனக்கே அழுகை வந்தது. மிசாயோ என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசுங்க!" என்றாள்.

அவள் அந்த வார்த்தையைச் சொன்ன மாத்திரத்தில் நான் உஷாராகியிருக்க வேண்டும். இருபது வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் நான் மனசுக்குள் பீர் பாட்டிலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு ஒகிதா அக்காவும் தெருப் பெண்கள் பஸ்ஸில் அதே மலைக்குக் கிளம்புகிறாள் என்று தெரிந்தது. அன்று மாலை வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"மொமோசே சார், நீங்க வரலையே?"

"வரலைங்க."

"நிச்சயமா வரலையே?"

"நிச்சயமா வரல."

"அப்பாடா! அப்ப நான் குடையை வீட்டுலயே வெச்சிட்டுப் போறேன்."

எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெயிலில் கறுத்துப்போன ஒரு மனிதர் இறங்கினார். பெட்டி பெட்டியாக முட்டைக்கோஸை இறக்கி வைத்தார். உள்ளே வந்தார். பாயில் மண்டியிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் நெற்றியைத் தரையில் பதித்துவிட்டார்.

"இவர்தான் கோமியாமா. கசாமிதைரா விவசாயிகள் சங்கத் தலைவர்" என்றாள் மிசாயோ.

ஒருத்தர் அப்படி விழுந்து வணங்கினால் நாமும் விழாமல் இருக்க முடியுமா? நானும் விழுந்தேன். அவர் இன்னும் தாழ்ந்தார். நானும் தாழ்ந்தேன். இரண்டு பேரும் பாயோடு பாயாகப் பேசிக்கொண்டோம்.

"ஐயா, இந்த வருஷம் மழைக்காலம் எங்களை ஏமாத்திடுச்சுங்க" என்றார் அவர் பாயிடம். "பயிர் எல்லாம் வானத்தைப் பார்த்துட்டு நிக்குதுங்க. உங்க பெருமையை உங்க வீட்டம்மா சொல்லிக் கேட்டதும் எங்க கண்ணுல தண்ணியே வந்திடுச்சுங்க. நீங்க ஒரு தடவை வந்து கால் வெச்சாப் போதும்."

எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனால் மரியாதை தெரிந்தவன் யாராவது "மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வானா? மாட்டேன் என்பதற்கு எங்களிடம் ஒரு நாகரிகமான பேச்சு உண்டு. தலையைச் சாய்த்து, பல்லுக்கிடையே காற்றை இழுத்து, "அது வந்து... கொஞ்சம் கஷ்டம்தான்..." என்று இழுக்க வேண்டும். அதோடு பேச்சு முடிந்துவிடும். எதிராளி புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார். தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டில் அப்படித்தான் நடக்கிறது.

"அது வந்து... கொஞ்சம் கஷ்டம்தான்..." என்றேன்.

கோமியாமாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் வாடி மெல்ல எழப் பார்த்தார். அதற்குள் மிசாயோ கையைத் தட்டினாள்.

"கேட்டீங்களா தலைவரே! கஷ்டமாத்தான் இருக்குமாம். இருந்தாலும் உங்களுக்காகப் பண்ணறாராம்!"

அந்த மனிதர் மறுபடியும் தடாலென்று விழுந்தார். இந்த முறை அழுதுகொண்டே விழுந்தார். அழுகிற மனிதரிடம் போய் இலக்கணம் விளக்க முடியுமா?

மறுநாள் விடிகாலை வேனில், முட்டைக்கோஸ் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து நான் அவசர அவசரமாகப் போனில் வானிலை அறிக்கையைத் திறந்தேன். மிசாயோ கையை நீட்டினாள்.

"அதைக் குடுங்க."

"எதுக்கு?"

"மழையைக் கூப்பிடறவர் வானத்தைத்தான் பார்க்கணுமாம், போனைப் பார்க்கக் கூடாதாம். தலைவர் சொன்னார்."

"நான் சொன்னேனா?" என்றார் கோமியாமா வண்டியை ஓட்டிக்கொண்டே. கண்ணாடியில் மிசாயோவின் முகத்தைப் பார்த்தார். "ஆமா, சொன்னேன் போலிருக்கு."

போன் அவள் கைப்பைக்குள் போனது. அத்தோடு என் கண்ணைக் கட்டின மாதிரி ஆகிவிட்டது. இருபது வருஷமாக அறிக்கை பார்க்காமல் நான் மாடிப்படி கூட இறங்கியதில்லை.

மலை ஏறியதும் விடுதி வாசலில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். "மழை ஆள் மொமோசே அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்." கூரை ஓரம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்த வெள்ளைத் துணிப் பொம்மைகள். ஒன்று விடாமல் எல்லாம் தலைகீழாகத் தொங்கின. ஊரே கூடி நின்று குனிந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. ஆபீசில் அந்த ஆறு பேரும் சேர்ந்து கூட அவ்வளவு குனிந்ததில்லை.

இரவு பெரிய விருந்து. மலையோடை மீன், கோதுமைச் சேவை, குடம் குடமாக அரிசி மது. இரண்டு கிண்ணம் உள்ளே போனதும் நான் எழுந்து பேசவே ஆரம்பித்துவிட்டேன்.

"பயப்படாதீங்க! மேகமெல்லாம் நாம சொன்ன பேச்சு கேக்கும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. மிசாயோதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு நட்சத்திரம் பாக்கியில்லாமல் எல்லாம் ஆஜராகியிருந்தன.

சரி, இங்கேயே ஏதாவது ஓர் அறையில் படுத்துக் காலத்தை ஓட்டிவிடலாம், சுமோவும் இங்கே டி.வி.யில் வரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலை மச்சான் கென்பெய் வந்து போர்வையை உருவினார்.

"என்ன மாப்பிள்ளை, படுத்தே கிடக்கீங்க? வீட்டுக்குள்ள இருந்தா மழை எப்படி வரும்?"

"வேற எங்க இருக்கணும்?"

"தங்கச்சி விவரமாச் சொல்லிட்டா. நீங்க ஜாலியா வெளிய கிளம்பினாத்தானே மழை வரும்? சோத்துப் பொட்டலத்தை எடுத்துக்கிட்டு, தொப்பி போட்டுக்கிட்டு, 'ஆகா, என்ன அருமையான நாள்!'னு நீங்க சொல்லணுமாம். அப்பத்தான் கொட்டுமாம்."

எதைச் சொல்லி மறுப்பது? அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நானே இருபது வருஷமாக ஊருக்குச் சொன்னதுதான்.

இடுப்பில் பொட்டலத்தைக் கட்டிவிட்டார்கள். முதலில் ஏரி. அன்னப்பறவை மாதிரி ஒரு படகு. காலால் மிதிக்க வேண்டும்.

"நான் மிதிக்கணுமா?"

"நீங்க மிதிச்சாத்தாங்க மேகம் கிளம்பும்" என்றாள் மிசாயோ, குடை போல விரிந்த தொப்பியைச் சரி செய்துகொண்டே. அவள் பங்கு மிதியில் அவள் கால் வைக்கவே இல்லை.

கரையில் விவசாயிகள் வரிசையாக நின்று மேலே பார்த்தார்கள். நான் மிதித்தேன். ஒரு சின்ன மேகம் எட்டிப் பார்த்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அதற்கு வெட்கம் வந்துவிட்டதோ என்னவோ, மலைக்குப் பின்னால் போய்விட்டது.

"இன்னும் கொஞ்சம் ஜாலியா மிதிங்க ஐயா!" என்று கோமியாமா கரையிலிருந்து கெஞ்சினார்.

ஏரி முடிந்ததும் கம்பியில் தொங்குகிற நாற்காலியில் உட்கார வைத்து மலைக்கு மேலே அனுப்பினார்கள். அங்கிருந்து குதிரை. குதிரைக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. குதிரையிலிருந்து நான் இறங்கிய இடத்தில் (இறங்கினேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்) எதிரே எங்கள் தெருப் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒகிதா அக்கா என்னைப் பார்த்தாள். பேய் அறைந்தவள் போல நின்றாள்.

"ஐயையோ! மொமோசே சார்! வரலைன்னு சொன்னீங்களே!"

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். விடுதிக் கடையில் கிடைத்த குடைகளை வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தாள். மண்டையைப் பிளக்கிற வெயிலில், நீல வானத்துக்குக் கீழே, அத்தனை பெண்களும் படபடவென்று குடையை விரித்தார்கள். எங்கிருந்தோ வந்த பயணிகள் அதைப் பார்த்துவிட்டு, இது ஏதோ இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று அவர்களும் விரித்தார்கள்.

அன்று மாலை டி.வி. இருந்த அறைப் பக்கம் நைஸாக நகர்ந்தேன். மச்சான் குறுக்கே நின்றார்.

"மழை ஆள் கூரைக்குக் கீழே உட்காரலாமா மாப்பிள்ளை? சூரியன் இன்னும் இருக்கே. வாங்க, மாட்டுக்கொட்டகை வரைக்கும் ஒரு நடை நடப்போம்."

மூன்றாம் நாள் விடிந்ததும் சைக்கிள். அப்புறம் பால் கறக்கிற பயிற்சி. அப்புறம் வலை போட்டுப் பட்டாம்பூச்சி பிடிப்பது. நான் எந்தெந்த ஜாலிகளிலிருந்து இருபது வருஷமாகத் தப்பித்தேனோ, அத்தனையும் வரிசையில் நின்று வட்டியோடு வசூலித்தன. மூக்குத் தோல் உரிந்தது. முழங்கால் பேச்சு கேட்கவில்லை. மிசாயோ மட்டும் ஐஸ்கிரீமைச் சப்பிக்கொண்டு, "எவ்வளவு அருமையான நாள்! நீங்களும் சொல்லுங்க" என்பாள். நானும் சொல்வேன். வானம் பளிங்கு மாதிரி இருக்கும்.

மரியாதையும் வானத்தோடு சேர்ந்து காய்ந்துகொண்டு வந்தது. முதல் நாள் அரிசி மது. இரண்டாம் நாள் பார்லி டீ. மூன்றாம் நாள் காலையில் கோமியாமா வெறும் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். "வறட்சி பாருங்க, கொஞ்சம் பார்த்துக் குடிங்க" என்றார். பேனரின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. யாரும் கட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பதையும், அப்புறம் மெல்ல என்னைப் பார்ப்பதையும் தாங்க முடியவில்லை. சரி, இன்று ஒரு நாள்; சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தலைவரே, கவலைப்படாதீங்க" என்றாள் மிசாயோ. "மழை வர்ற வரைக்கும் இவர் இங்கேயேதான் இருப்பார்."

"என்னது! ஆபீஸ்?"

"மேனேஜருக்குப் போன் பண்ணிட்டேங்க. எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கச் சொன்னார். அடுத்த வாரம் அவங்களுக்கு கோல்ஃப் போட்டியாம். குரலே தழுதழுத்துப் போச்சு மனுஷனுக்கு."

இன்னும் ஒரு வாரமா? குதிரையா? அன்னப்பறவையா?

அன்று மத்தியானம்தான் லில்லிப் பாதை. பொட்டலத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு மிசாயோவுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஏறினேன். அன்று அந்த வழியில் கூட்டம் குறைவு. பாதி தூரத்தில் ஒரு மர பெஞ்சு இருந்தது. அங்கே நின்றுவிட்டேன்.

"மிசாயோ, நில்லு."

"என்னங்க, மேகமா?"

"மேகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் மழை ஆள் இல்ல!"

அவள் திரும்பினாள்.

"அறிக்கையைப் பார்த்துத்தான் எல்லாம் பண்ணினேன். மழைன்னா போவேன். வெயில்னா போக மாட்டேன். போதுமா? என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அந்தக் குதிரை மேல இனிமே என்னால ஏற முடியாது."

"அப்படியா" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். "அப்ப தெருவுல புல் பிடுங்கற அன்னிக்கெல்லாம் வந்த முதுகுவலி?"

"வரல."

"பூ பார்க்கற விருந்தன்னிக்கு?"

"அதுவும் வரல."

"என் அக்கா பொண்ணு கல்யாணத்தன்னிக்கு?"

"அது நிஜமா வந்தது, மிசாயோ!"

"அது ஒண்ணைத்தான் நான் நம்பல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கல்யாணமான புதுசுல உங்களை இங்க கூட்டிட்டு வந்தேன், ஞாபகம் இருக்கா? ஜன்னல் வழியா இந்தச் சரிவைக் காட்டினேன். மழையில ஒண்ணுமே தெரியல. வெயில்ல ஒரு தடவை உங்களுக்குக் காட்டணும்னு அன்னிலேருந்து எனக்கு ஒரே ஆசை. அண்ணன்கூட நின்னு பார்த்திருக்கேன், ஒகிதா அக்காவுக்குக் காட்டியிருக்கேன். உங்களுக்குத்தான் காட்டவே முடியல. இது ஒரு நாள் பூங்க. எத்தனை வருஷம்தான் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டே இருக்கறது?"

மூன்று நாளாக நான் வானத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். சரிவு முழுக்க மஞ்சள். கண்ணுக்கெட்டின வரைக்கும் மஞ்சள். காற்று வந்தால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. இதைத் தவறவிட்டு எந்த டி.வி.க்கு முன்னால் படுத்துக் கிடந்தேன் என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"நல்லா இருக்கு" என்றேன்.

"ம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது என் உரிந்த மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. நிமிர்ந்து பார்த்தேன். மலைக்குப் பின்னாலிருந்து கருகருவென்று ஒரு படையே வந்துகொண்டிருந்தது.

"மிசாயோ! மழை! பார்த்தியா? நான் மழை ஆள்தான்! இப்ப சொன்னதெல்லாம் வாபஸ்! ஒண்ணு விடாம வாபஸ்!"

அவள் அவசரமே படவில்லை. கைப்பையைத் திறந்தாள். இரண்டு மழைக்கோட்டுகளை எடுத்தாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று புத்தம் புதியது. என் அளவு.

"போட்டுக்குங்க, நனையாதீங்க."

"இது... எப்ப வாங்கினே?"

"கிளம்பறதுக்கு முன்னாடியே. மூணாம் நாள் மத்தியானம் மழைன்னு அறிக்கையில அப்பவே சொல்லிட்டானே, நீங்க பார்க்கலையா? அட ஆமா, போன்தான் எங்கிட்ட இருக்கே."

நான் ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டபடி நின்றுவிட்டேன்.

"உனக்கு... எத்தனை நாளாத் தெரியும்?"

"ராத்திரி போர்வைக்குள்ள நீங்க திறந்து பார்க்கற அதே அறிக்கையைத்தானே பக்கத்துப் போர்வைக்குள்ள நானும் பார்க்கறேன்? ஜன்னல்ல நீங்க தலைகீழா கட்டின பொம்மையை நேராக் கட்டிட்டுத்தான் திரும்பிப் படுப்பேன். உங்க வாயிலேருந்து உண்மை வர்றதுக்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்."

"அப்ப இந்த வறட்சி? பூ கொள்ளையா பூத்திருக்குன்னு நீதானே சொன்னே? வறட்சியில பூ எப்படிப் பூக்கும்?"

"அதை நீங்க அன்னிக்கே கேட்டிருக்கணும். விவசாயிக்கு எப்பவும் ஒரு மழை குறைச்சல்தாங்க. தலைவர் நிஜமாத்தான் நம்பினார். நான் பொய்யா சொன்னேன்? நீங்க இருபது வருஷமாச் சொன்ன பெருமையை அப்படியே எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்."

கீழே இறங்கினபோது ஊரே மழையில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓவென்று கத்தினார்கள். ஓடிவந்து தூக்கினார்கள். வானத்தை நோக்கி வீசினார்கள், பிடித்தார்கள், மறுபடியும் வீசினார்கள்.

"நான் மழை ஆள் இல்லீங்க!" என்று மேலே போகும்போது கத்தினேன். இடி இடித்தது. யார் காதிலும் விழவில்லை. கீழே வரும்போது கோமியாமாவின் கண்ணீரைப் பார்த்தேன். அதற்கப்புறம் கத்த மனசு வரவில்லை.

"ஐயா, வருஷா வருஷம் நீங்க வரணும்!" என்று அவர் சேற்றிலேயே விழுந்தார்.

"அது வந்து... கொஞ்சம்..." என்று நான் பல்லுக்கிடையே காற்றை இழுப்பதற்குள், "வருவார், வருவார்" என்றாள் மிசாயோ.

ஆக, நான் மழை ஆள் என்பதால் ஒவ்வொரு ஜூலையும் கசாமிதைராவுக்குப் போக வேண்டும். நான் மழை ஆள் இல்லை என்பதால் மீதி மாதங்களில் மற்ற எல்லா இடத்துக்கும் போக வேண்டும். இப்படி இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட கதவை நான் எந்தச் சாவிக் கடையிலும் பார்த்ததில்லை.

திரும்பி வருகிற வேனில் மிசாயோ என் போனைக் கொடுத்தாள். பழக்க தோஷம், கை தானாக வானிலை அறிக்கைப் பக்கம் போனது. அவள் அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னாள்:

"பார்க்க வேண்டாங்க. ஞாயித்துக்கிழமை நல்ல வெயிலாம். தெருவுல புல் பிடுங்க உங்க பேரைக் கொடுத்துட்டேன்."